‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுவதற்கு முன்: ஹெர்ரிங் மரபணு ஆய்வுகளைப் படித்த குறிப்பு

போன மாதம் ஆய்வு மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தை அனுப்பி, “அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, எஃப்.எஸ்.டி. ரொம்பச் சின்னதா வந்திருக்கு, பி மதிப்பும் குறிப்பிடும்படி இல்ல. ‘மரபணு வேறுபாடு இல்லை, எனவே ஒரே ஸ்டாக்’னு எழுதிடலாமா?” என்று கேட்டிருந்தார். கடல் மீன், நான்கைந்து இறங்குதளங்களில் எடுத்த மாதிரிகள், பத்துப் பதினைந்து மரபணுக் குறியிடங்கள். இந்த மாதிரி ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் அந்த வாக்கியம் இருக்கும். என்னுடையதிலும் இருக்கிறது. அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, இந்த வாக்கியம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஒரே ஒரு மீனை வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அட்லாண்டிக் ஹெர்ரிங். நம்ம மத்திக்குத் தூரத்துச் சொந்தம். நம் கடலில் கிடையாது. ஆனால் கடல் மீன் மரபணு ஆய்வில் இதைப்போல நீளமான வரலாறு உள்ள மீன்கள் குறைவு. அதைவிட முக்கியம், 1980களில் ‘பெரிய வேறுபாடு இல்லை’ என்று அச்சிட்டவர்களில் சிலரே முப்பது ஆண்டு கழித்து ‘இருக்கிறது’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வாய்ப்பு விமர்சனம் எழுதுகிறவனுக்கு அடிக்கடி கிடைக்காது.

முதலில் மீன்

வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், வட கடலிலும், பால்டிக் கடலிலும் வாழும் மீன் இது. பெரும் கூட்டமாகத் திரியும். முட்டையிட மட்டும் குறிப்பிட்ட இடங்களுக்கு, குறிப்பிட்ட பருவத்தில் வரும். முட்டை கடலடியில் ஒட்டிக்கொள்ளும். சில கூட்டங்கள் வசந்தத்தில் முட்டையிடும், சில இலையுதிர்காலத்தில், சில குளிர்காலத்தில். இரை தேடும் இடத்தில் எல்லாம் கலந்துவிடும். பிடிக்கிறவரின் வலையில் விழும்போது யார் எந்தக் கூட்டம் என்று முகத்தில் எழுதியிருக்காது.

பால்டிக் கடல் உவர்நீர்க் கடல். வடக்கே போகப் போக உப்பு குறைந்துகொண்டே வரும், போத்னியா வளைகுடாவின் உச்சியில் கிட்டத்தட்ட நன்னீர். அங்கே வாழும் ஹெர்ரிங் சின்னது. லின்னேயஸ் 1761லேயே அதற்குத் தனிப் பெயர் வைத்து, ஹெர்ரிங்கின் உள்வகையாகப் பிரித்துவிட்டார். சுவீடன்காரர்கள் கால்மர் நகருக்கு வடக்கே பிடித்தால் ‘ஸ்ட்ரெம்மிங்’ என்பார்கள், தெற்கே பிடித்தால் ‘சில்’ என்பார்கள். பின்லாந்திலும் இரண்டு பெயர் உண்டு. அதாவது, மீனைப் பிடித்துத் தின்கிறவர்கள் மொழியில் வேறுபாடு முதலிலிருந்தே இருந்தது. அறிவியல்தான் அதை ஏற்கவும் மறுக்கவும் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அளந்து பார்த்த காலம்

1898ல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிஷ் ஹைன்கே ஹெர்ரிங்கைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான மீன்களை எடுத்து முதுகெலும்புக் கணுக்களை எண்ணினார், துடுப்புகளின் இடத்தை அளந்தார், பல அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஹெர்ரிங் ஒரே பெரிய கூட்டமாக வடக்கிலிருந்து வந்துபோகும் மீன் என்ற பழைய எண்ணத்தை அது அசைத்தது. இடத்துக்கு இடம் தனித்தனி இனங்கள் உண்டு என்பது அவர் முடிவு.

இதன் பலவீனம் பின்னால் தெரிந்தது. முதுகெலும்புக் கணுக்களின் எண்ணிக்கை முட்டை வளரும்போது இருக்கும் நீரின் வெப்பத்தைப் பொறுத்தும் மாறும். ஆக, இரண்டு கூட்டங்களில் கணுக்கள் வேறுபட்டால் அது பரம்பரையாக வந்ததா, அந்த வருட நீர் குளிர்ந்து இருந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது. ‘வடிவத்தை நம்பாதே, மரபணுவைக் கேள்’ என்ற நிலைக்கு வந்தது இப்படித்தான். நியாயமான நிலைதான்.

புரதங்கள் சொன்னது

1981ல் ஆண்டர்சன், ரீமன் உள்ளிட்டோர் ஹெர்ரிங்கின் புரத வகைகளை மின்புலத்தில் ஓடவிட்டு ஒரு தாள் வெளியிட்டார்கள். 1984ல் அதே குழுவின் பெரிய தாள் வந்தது. பால்டிக்கிலிருந்தும் மேற்குக் கடல்களிலிருந்தும் மாதிரிகள். தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: மரபணு வேறுபாட்டின் அமைப்பும் வடிவ வேறுபாட்டின் அமைப்பும் பொருந்தவில்லை. வடிவத்தில் கூட்டங்கள் நன்றாகப் பிரிகின்றன, புரத மரபணுக்களில் பிரிவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு வேறுபாடு குறைவு.

இந்தத் தாள்களில் தரவுப் பிழை எதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோதும், பெரும்பாலான இடங்களில் அதே விடைதான் வந்தது. சிக்கல் தரவில் இல்லை, அதிலிருந்து எடுக்கத் தோன்றும் பொருளில் இருக்கிறது. ‘வேறுபாடு மிகக் குறைவு’ என்ற அளவீடு, படிக்கிறவர் மனதில் ‘மீன்கள் தாராளமாகக் கலக்கின்றன’ ஆகிறது. மேலாண்மை செய்கிறவர் மேசைக்குப் போகும்போது ‘ஒரே ஸ்டாக்’ ஆகிவிடுகிறது. மூன்றும் மூன்று வேறு கூற்றுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாலம் வேண்டும்.

அந்தப் பாலம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

கணக்கு ஒன்று

எஃப்.எஸ்.டி. என்பது கூட்டங்களுக்கிடையிலான வேறுபாடு மொத்த வேறுபாட்டில் எத்தனை பங்கு என்று சொல்லும் எண். 0 என்றால் வேறுபாடே இல்லை, 1 என்றால் முழுக்கப் பிரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் வரும் எளிய வாய்பாடு இது: எஃப்.எஸ்.டி. என்பது 1ஐ (4 × கூட்டத்தின் அளவு × இடம்பெயரும் விகிதம் + 1) ஆல் வகுத்தால் வருவது.

இப்போது இரண்டு நிலைகளைப் பாருங்க.

முதல் நிலை: ஒவ்வொரு கூட்டத்திலும் 10,000 மீன். ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று இடம் மாறுகிறது. அதாவது 100 மீன். எஃப்.எஸ்.டி. 1/401, சுமாராக 0.0025.

இரண்டாம் நிலை: ஒவ்வொரு கூட்டத்திலும் 10 லட்சம் மீன். பத்தாயிரத்துக்கு ஒன்று இடம் மாறுகிறது. இதுவும் 100 மீன்தான். எஃப்.எஸ்.டி. அதே 0.0025.

இடம்பெயரும் விகிதத்தில் நூறு மடங்கு வித்தியாசம். கைக்கு வரும் எண் ஒன்றே. எஃப்.எஸ்.டி.க்குத் தெரிவது எத்தனை மீன் மாறியது என்பதுதான், எத்தனை பங்கு மாறியது என்பது அல்ல. மேலாண்மைக்கு வேண்டியதோ பங்கு. 10 லட்சம் மீன் இருந்த இடத்தை வழித்து எடுத்துவிட்டால், பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு வரும் 100 மீன் அதை நிரப்ப எத்தனை காலம் ஆகும்? மீனவர் பிள்ளை வளர்ந்து பேரப்பிள்ளை வந்தாலும் ஆகாது. இரண்டு கூட்டங்களின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று இணைந்து போக வேண்டுமென்றால் பத்து சதவீதம் அளவுக்காவது பரிமாற்றம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பரம்பரைச் சமநிலைக்கோ தலைமுறைக்குச் சில மீன்கள் போதும். இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே இருப்பது பெரிய வெளி. கடல் மீன்கள் பெரும்பாலும் அந்த வெளியில்தான் வாழ்கின்றன.

கணக்கு இரண்டு

முதல் கணக்கிலாவது கொஞ்சம் மீன் மாறுகிறது. ஒரு மீன்கூட மாறவில்லை என்று வச்சுக்கலாம்.

பால்டிக் இன்றைய உவர்நீர்க் கடலாக மாறி சுமார் 8,000 ஆண்டுதான் ஆகிறது. ஹெர்ரிங்குக்கு ஒரு தலைமுறை 6 முதல் 8 ஆண்டு என்று கொண்டால், 1,000 முதல் 1,300 தலைமுறை. தேர்வு எதுவும் வேலை செய்யாத மரபணு இடங்களில் வேறுபாடு வருவது தற்செயலால் மட்டும். அந்தத் தற்செயலின் வேகம் கூட்டத்தின் பயனுறு அளவைப் பொறுத்தது. கூட்டம் பெரியதாக இருந்தால் தற்செயல் மெதுவாக வேலை செய்யும். பயனுறு அளவு 5 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், 1,000 தலைமுறையில் வரக்கூடிய எஃப்.எஸ்.டி. சுமாராக 1,000ஐ 10 லட்சத்தால் வகுத்தது, அதாவது 0.001.

எட்டாயிரம் ஆண்டுகள் சுவர் எழுப்பிப் பிரித்து வைத்தாலும் 0.001. இதை 50 மீன், 15 குறியிடங்கள் வைத்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பது, காய்கறிக்கடைத் தராசில் தங்கத்தை நிறுப்பது மாதிரி. முள் அசையவில்லை என்பதால் தட்டில் ஒன்றும் இல்லை என்று ஆகாது.

இங்கேதான் இந்தத் துறையின் சொற்பழக்கத்தின் மேல் எனக்கு வருத்தம். ‘மரபணுப் பாய்ச்சல் அதிகம்’ என்ற சொற்றொடர் ஹெர்ரிங் தாள்களில் ஒரு பட்டப்பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2011ல் வந்த ஒரு நல்ல தாளின் தலைப்பிலேயே அது இருக்கிறது. தரவு சொல்வது ‘வேறுபாடு குறைவு’. அதற்குக் காரணம் பாய்ச்சலாக இருக்கலாம், கூட்டம் பெரியது என்பதாக இருக்கலாம், பிரிந்து போதுமான காலம் ஆகவில்லை என்பதாக இருக்கலாம். மூன்றில் ஒன்றை எடுத்துப் பெயராகவே வைத்துவிட்டால், மற்ற இரண்டையும் யோசிக்கிற பழக்கம் போய்விடும். எனக்குப் போயிருந்தது.

ஒரு குறியிடம் மட்டும் தனியே நின்றது

2007ல் ஒரு தாள் வந்தது. புரதக் குறியிடங்களும் மைக்ரோசாட்டிலைட் குறியிடங்களும் ஹெர்ரிங்கில் கிட்டத்தட்ட ஒரே கதையைச் சொல்கின்றன என்று அது காட்டியது. ஆனால் ஒரே ஒரு மைக்ரோசாட்டிலைட் மட்டும் ஒத்துவரவில்லை. சி.பி.ஏ.112 என்று பெயர். மற்றவை அமைதியாக இருக்க, இது மட்டும் கூட்டங்களைப் பிரித்துக் காட்டியது. அதன் மேல் அல்லது அதன் பக்கத்தில் இயற்கைத் தேர்வு வேலை செய்கிறது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள்.

இதை அவர்கள் வெளியே எடுத்து வைத்துப் பேசியதற்குப் பாராட்ட வேண்டும். ஏனென்றால், ஆய்வகங்களில் வழக்கமாக நடப்பது வேறு. ‘மாறுபட்டு நிற்கும்’ குறியிடத்தை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக் கணக்கிடச் சொல்வார்கள். நடுநிலை இடங்களைக் கொண்டு இடப்பெயர்ச்சியைக் கணக்கிடும்போது அது சரியான முறைதான். கேள்வி ‘இந்தக் கூட்டம் தனியானதா’ என்று இருக்கும்போது, பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்துகிற மாதிரி ஆகிவிடும்.

முழுத் தொகுதியைப் படித்தபோது

2012ல் ஆண்டர்சன் குழு மறுபடி வந்தது. ரீமனும் உடன் ஆசிரியர். எட்டு இடங்களின் மீன்கள், நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒற்றை எழுத்து வேறுபாடுகள். பெரும்பாலானவற்றில் இடத்துக்கு இடம் வித்தியாசமே இல்லை. 1984 சரி. ஆனால் சில ஆயிரம் இடங்களில் வித்தியாசம் மிகக் கூர்மையாக இருந்தது. சிலவற்றில் ஒரு கடலில் ஒரு எழுத்து, இன்னொரு கடலில் இன்னொரு எழுத்து என்று கிட்டத்தட்ட முழுக்கப் பிரிந்திருந்தது. தற்செயலால் மட்டும் இப்படி ஒரு பரவல் வராது என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

கூட்டம் பெரியது என்பது இங்கே தலைகீழாக உதவியது. நடுநிலை இடங்களில் இரைச்சல் இல்லாததால், தேர்வு வேலை செய்த இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. வேறுபாட்டை மறைத்த அதே காரணம்தான் அதைக் காட்டியும் கொடுத்தது.

2016ல் முழு மரபணுத் தொகுதி வெளிவந்தது. பால்டிக்கின் உவர்நீருக்கும் அட்லாண்டிக்கின் உப்பு நீருக்கும் இடையே வேறுபடும் சுமார் 500 தனி இடங்கள், வசந்தத்தில் முட்டையிடுவதற்கும் இலையுதிர்காலத்தில் முட்டையிடுவதற்கும் இடையே வேறுபடும் 100க்கும் மேற்பட்ட இடங்கள். 2020ல் 53 கூட்டங்களை வைத்து இதை விரித்தார்கள். 6, 12, 17, 23 ஆகிய குரோமோசோம்களில் பெரிய துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருப்பதையும், அவற்றின் பரவல் இடத்துக்கு இடம் மாறுவதையும் காட்டினார்கள்.

இதையும் கேள்வி கேட்க வேண்டும்

இந்தப் புதிய தாள்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அதனாலேயே அவற்றை எங்கே நம்பலாம், எங்கே நிதானிக்கலாம் என்று பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.

முதலாவது, ‘500 இடங்கள்’ என்ற எண். இது எண்ணி வைத்த பொருள் அல்ல. எவ்வளவு வேறுபட்டால் கணக்கில் சேர்ப்பது, எவ்வளவு தள்ளியிருந்தால் ‘தனி இடம்’ என்பது ஆகிய தீர்மானங்களைப் பொறுத்து ஏறி இறங்கும். நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்பது உறுதி. அதற்கு மேல் அந்த எண்ணில் பொருள் தேட வேண்டாம்.

இரண்டாவது, காரணம் சொல்வது. பால்டிக்கில் உள்ளே போகப் போக உப்பு குறைகிறது. கூடவே நீரின் வெப்பம் மாறுகிறது, ஒளியின் நிறம் மாறுகிறது, இரை மாறுகிறது. எல்லாம் ஒரே திசையில் மாறும்போது, ஒரு மரபணு உப்போடு ஒத்துப்போகிறது என்பதால் உப்புக்காகத்தான் மாறியது என்று சொல்ல முடியாது. தலைகீழாகத் திரும்பிய துண்டுகளில் இது இன்னும் கஷ்டம். துண்டு முழுவதும் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போவதால், உள்ளே இருக்கும் பல மரபணுக்களில் எது வேலை செய்கிறது, எது சும்மா கூட வருகிறது என்று பரவலை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை.

மூன்றாவது, எந்த இடங்களில் வாதம் வலுவாக நிற்கிறது என்பது. எனக்கு இரண்டு உதாரணம் போதும். ஒன்று ரோடாப்சின், மங்கலான ஒளியில் பார்க்க உதவும் விழிப்புரதம். பால்டிக் நீர் சிவப்பு பக்கம் சாய்ந்த ஒளியைத்தான் உள்ளே விடும். அங்குள்ள ஹெர்ரிங்கில் இந்தப் புரதத்தின் 261ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் போய் டைரோசின் வந்திருக்கிறது. அது புரதம் உறிஞ்சும் ஒளியைச் சிவப்புப் பக்கம் சில நானோமீட்டர் நகர்த்தும். 2019ல் வந்த தாள், உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும் வேறு பல மீன் இனங்களில் இதே இடத்தில் இதே மாற்றம் தனித்தனியாகப் பலமுறை நடந்திருப்பதைக் காட்டியது. பரவல் ஒரு சாட்சி, புரதத்தின் வேலை இன்னொரு சாட்சி, மற்ற இனங்கள் மூன்றாவது சாட்சி. மூன்றும் ஒன்றையொன்று நம்பி இல்லை.

இன்னொன்று டி.எஸ்.எச்.ஆர். என்ற மரபணு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பி. பறவைகளிலும் பாலூட்டிகளிலும் பகல் நீளத்துக்கு ஏற்ப இனப்பெருக்கப் பருவத்தைத் தொடங்கும் வழியில் இது இருப்பது முன்பே தெரியும். ஹெர்ரிங்கில் வசந்தக் கூட்டத்துக்கும் இலையுதிர் கூட்டத்துக்கும் இடையே மிக வலுவாகப் பிரியும் இடங்களில் இது ஒன்று. அதுவும் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும். கனடாவின் வசந்தக் கூட்டமும் ஐரோப்பாவின் வசந்தக் கூட்டமும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

மற்ற நூற்றுக்கணக்கான இடங்களுக்கு இப்படிப் பல சாட்சிகள் இல்லை. அவற்றை ‘அடையாளம்’ என்று பயன்படுத்தலாம். ‘காரணம்’ என்று எழுதக்கூடாது.

நான்காவதுதான் மேலாண்மைக்கு முக்கியம். மரபணு அடையாளம் கிடைத்துவிட்டால் ஸ்டாக் எல்லை கிடைத்துவிட்டது என்று நினைப்பதும் பழைய தவறின் மறுபக்கம்தான். இரண்டு வசந்தக் கூட்டங்கள், ஒரே மாதிரி நீரில் முட்டையிடுபவை, தங்களுக்குள் மீன் பரிமாற்றம் அநேகமாக இல்லாதவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் தேர்வு ஒரே மாதிரி வேலை செய்திருக்கும். தற்செயல் ஒன்றும் செய்திருக்காது. முழுத் தொகுதியைப் படித்தாலும் இவை ஒன்றாகவே தெரியும். ஒன்றை அழித்தால் மற்றது அதை நிரப்பாது. மரபணு வேறுபாடு தெரிந்தால் தனித்தனி என்று சொல்லலாம். தெரியாவிட்டால், ஒன்று என்று சொல்ல முடியாது. இந்தச் சமச்சீரின்மையை முழு மரபணுத் தொகுதியும் மாற்றவில்லை.

யாருக்கு என்ன நஷ்டம்

இதெல்லாம் சொல் விளையாட்டு இல்லை. வட கடல் ஹெர்ரிங் 1970களில் சரிந்தது. 1977ல் மீன்பிடிப்பை மூட வேண்டி வந்தது. வட கடலில் பல முட்டையிடும் களங்கள் உண்டு. ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் முட்டையிடும் டவுன்ஸ் கூட்டம், டாகர் பேங்க் பக்கத்துக் கூட்டம், ஸ்காட்லாந்துக்கு அருகே உள்ளவை. மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்கீடு போடும்போது, பலவீனமான களம் முதலில் காலியாகும். மொத்தக் கணக்கில் அது தெரிய நாளாகும். டாகர் பேங்கில் முட்டையிடுவது அந்தக் காலத்தில் நின்றேபோனது. மொத்த ஸ்டாக் பிற்பாடு மீண்டது. ஆனால் ‘ஸ்டாக் மீண்டது’ என்பது எல்லாக் களமும் மீண்டது என்று அர்த்தம் இல்லை.

மேற்குப் பால்டிக்கில் வசந்தத்தில் முட்டையிடும் கூட்டம் இன்னொரு உதாரணம். ஜெர்மனியின் ரூகன் தீவுப் பக்கம் முட்டையிட்டுவிட்டு, இரை தேடி கட்டெகாட், ஸ்காகெராக் பகுதிகளுக்குப் போகும். அங்கே எண்ணிக்கையில் மிகப் பெரிய வட கடல் கூட்டத்தோடு கலக்கும். கடல் ஆய்வுக்கான பன்னாட்டு மன்றம் 2018 முதல் இந்த மேற்குப் பால்டிக் கூட்டத்தைப் பிடிக்கவே வேண்டாம் என்று ஆலோசனை சொல்லிவருகிறது. ஆனால் வலை வடிகட்டி எடுக்காது. கலந்து விழும் மீனில் எது எவ்வளவு என்று தெரிய, செவிக்கல்லின் வளர்ச்சி வளையங்களைப் பார்த்து எந்தப் பருவத்தில் பொரித்தது என்று கணிக்க வேண்டும், முதுகெலும்புக் கணுக்களை எண்ண வேண்டும். இந்த இடத்தில் மரபணு அடையாளங்கள் உண்மையாகவே உதவுகின்றன. ஸ்காட்லாந்துக்கு மேற்கேயும் அயர்லாந்துக்கு வடமேற்கேயும் உள்ள கூட்டங்களைச் சில ஆண்டுகள் ஒன்றாகவே மதிப்பிட்டார்கள், பிரிக்க வழியில்லாததால். மரபணு முறையில் பிரிக்க முடிந்த பிறகு 2022 முதல் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள்.

நடுப் பால்டிக்கில் சண்டை இன்னும் ஓயவில்லை. பெரிய இழுவைப் படகுகள் வெளிக்கடலில் பிடிப்பதால் தங்கள் கரைக்கு மீன் வருவதில்லை என்று சுவீடன் கரையோரச் சிறு மீனவர்கள் சொல்கிறார்கள். 2023ல் ஐரோப்பிய ஆணையம் நடுப் பால்டிக்கிலும் போத்னியா வளைகுடாவிலும் ஹெர்ரிங்கைக் குறிவைத்துப் பிடிப்பதை மூடச் சொன்னது. அமைச்சர்கள் கூடி, மூடாமல் ஒதுக்கீடு போட்டார்கள். நடுப் பால்டிக் முழுவதும் ஒரே ஸ்டாக் என்ற கணக்கில் ஒதுக்கீடு போகும்போது, ‘எங்க கரையில முட்டையிடுற கூட்டம் தனி’ என்று ஒரு மீனவர் சொன்னால் அதைப் போட்டுப் பார்க்கப் படிவத்தில் கட்டமே இல்லை.

அண்மையில் வந்த ஒரு ஆய்வு இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டியது. உப்சாலா, ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் பால்டிக்கில் மற்ற மீன்களைத் தின்று வேகமாக வளரும் பெரிய ஹெர்ரிங் கூட்டம் ஒன்றை மரபணு வழியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஹெர்ரிங் பொதுவாக மிதவை உயிர்களை வடிகட்டித் தின்பது. இவற்றின் செவுள் முட்களின் எண்ணிக்கைகூடக் குறைவு. கரையோர மீனவர்களுக்கு இது புதிதில்லை. அவர்கள் இதை ‘ஸ்லொட்டர்சில்’ என்று அழைக்கிறார்கள். புல் அறுக்கும் பருவத்தின் ஹெர்ரிங் என்று பொருள். எந்த மாதத்தில் வரும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

மாணவருக்கு எழுதிய பதில்

தம்பி, உன் தரவில் குறை இல்லை. வாக்கியத்தில் இருக்கிறது. ‘மரபணு வேறுபாடு இல்லை, எனவே ஒரே ஸ்டாக்’ என்பதை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக மூன்று விஷயம் எழுது. இத்தனை மீன், இத்தனை குறியிடம் வைத்து எவ்வளவு சிறிய வேறுபாட்டை உன்னால் கண்டுபிடித்திருக்க முடியும் என்று கணக்கிட்டுச் சொல். உன் முடிவு எந்த அளவு இடம்பெயர்ச்சியோடெல்லாம் ஒத்துப்போகும் என்று சொல், அதில் ‘அநேகமாக இல்லை’ என்பதும் அடங்கும். கடைசியாக, மாதிரி எடுத்த மீன் முட்டையிடும் நேரத்தில் பிடித்ததா, இரை தேடும் நேரத்தில் பிடித்ததா என்று எழுது. கலந்திருக்கும் நேரத்தில் எடுத்தால், இருக்கிற பிரிவுகூடத் தெரியாது.

இறங்குதளத்தில் மாதிரி வாங்கும்போது, இந்த மீனுக்குப் பருவத்துக்குப் பருவம் வேறு பெயர் ஏதாவது உண்டா, சினை வைக்கும் மாதம் இடத்துக்கு இடம் மாறுமா என்று அங்கிருக்கிற அண்ணாச்சிகளிடம் கேட்டாயா? கேட்டிருந்தால் அதையும் அத்தியாயத்தில் சேர். கேட்கவில்லை என்றால் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் போய்வா. நான் போகவில்லை. என் ஆய்வேட்டில் அந்த வாக்கியம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை இங்கே எழுதித் திருத்திக்கொள்கிறேன்.

அடுத்த குறிப்பில் நார்வே கரையோரக் காட் மீன். இதே கேள்விதான், ஆனால் அங்கே செவிக்கல் ஒரு பக்கமும் மரபணு ஒரு பக்கமும் நெடுங்காலம் வழக்காடியிருக்கின்றன.